விரலுக்கு முன் காது: பியானோவில் ஸ்கேல் பழகிய அனுபவங்கள்

பாளையங்கோட்டை, பள்ளி ஆசிரியை:

ஸ்கேல், அதாவது சுரங்களை வரிசையாக ஏறி இறங்கி வாசிப்பது, பழகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது விரல் எண்கள் (பெருவிரல் 1, சுண்டுவிரல் 5) அச்சிட்ட தாளைத்தான். எனக்கு அந்தத் தாள் கைக்கு வருவதற்கு முன்பே ஸ்கேல் வந்துவிட்டது. அதற்குக் காரணம் என் அப்பா. ஆலயப் பாடகர் குழுவுக்குப் பல வருடங்கள் ஆர்மோனியம் வாசித்தவர். சி, டி, இ என்ற பெயர்கள் அவருக்குப் பழக்கமில்லை; எல்லாம் கட்டைக் கணக்குதான். வெள்ளைக் கட்டைகள் ஒன்று முதல் ஏழு வரை. இடையில் வரும் கருப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கருப்பு கிடையாது. ஏழுக்கும் மேல் ஒன்றுக்கும் நடுவிலும் கிடையாது. பியானோவில் சி, டி, இ, எஃப், ஜி, ஏ, பி என்பவைதான் இந்த ஒன்று முதல் ஏழு வரை.

நாற்பதைத் தாண்டிய பிறகு பியானோ கற்க ஆசைப்பட்டேன். அப்பா தந்த முதல் பாடம் மிகச் சிறியது. ஒட்டியிருக்கும் அடுத்த கட்டைக்குப் போனால், அது கருப்போ வெள்ளையோ, அரை. நடுவில் ஒன்றை விட்டுப் போனால் முழு. மேஜர் ஸ்கேல் என்பது முழு, முழு, அரை, முழு, முழு, முழு, அரை. ஒன்றில் தொடங்கினால் எல்லாம் வெள்ளையிலேயே முடிந்துவிடுகிறது. அரை வர வேண்டிய இரண்டு இடங்களிலும்தான் நடுவில் கருப்பு இல்லையே!

பிறகு, "ஐந்தில் தொடங்கி வெள்ளையிலேயே ஏறு. கடைசிக்கு முந்தின கட்டையில் நின்றுவிடு" என்றார். ஐந்து, ஆறு, ஏழு, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நின்றேன். "அங்கேயிருந்து மேலே போகத் தவிக்கிறதா, சும்மா உட்கார்ந்திருக்கிறதா?" சும்மாதான் உட்கார்ந்திருந்தது. "இப்போது நாலரையைத் தொடு." தொட்ட உடனே, மேலே இருக்கும் ஐந்துக்குப் போயே ஆக வேண்டும் என்று காது கேட்டது. அவர் கணக்கைச் சொல்லவே இல்லை. நானே மூன்றிலிருந்து எண்ணிப் பார்த்தேன்: முழு வைத்தால் நாலரைதான் வருகிறது. ஜி மேஜரில் ஏன் ஒரு கருப்புக் கட்டை இருக்கிறது என்று அதன்பின் எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அங்கிருந்து அடுத்த ஸ்கேலுக்குப் போகும் வழியும் அவர் காட்டியதுதான். மேஜர் ஸ்கேலை நடுவில் வெட்டினால் இரண்டு பாதிகளும் ஒன்றேதான்: முழு, முழு, அரை. நடுவில் ஒரு முழு அவற்றைச் சேர்க்கிறது. ஒன்றில் தொடங்கும் ஸ்கேலின் மேல் பாதி, ஐந்தில் தொடங்கும் ஸ்கேலின் கீழ்ப் பாதியாகிவிடுகிறது. அதற்கு மேல் புதிதாக ஒரு பாதியைக் கட்டினால் போதும். ஐந்தில் தொடங்கினால் நாலரை சேர்கிறது. அதன் பஞ்சமமான, அதாவது ஐந்தாவது சுரமான, இரண்டில் தொடங்கினால் ஒன்றரையும், அடுத்து ஆறில் ஐந்தரையும், மூன்றில் இரண்டரையும், ஏழில் ஆறரையும் சேருகின்றன. ஐந்து ஸ்கேல்களில் ஐந்து கருப்புக் கட்டைகளும் வந்துவிட்டன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை முழுக்க இதை வாசித்துக்கொண்டே இருந்தேன். எழுந்திருக்க மனமே வரவில்லை.

தாளைப் பார்த்து ஸ்கேல் பழகுகிறவர்களிடம் நான் மன்றாடிக் கேட்பது இதுதான்: ஒருமுறையாவது தாளை மூடிவிட்டு, ஒற்றை விரலால், காதை மட்டும் நம்பி ஒரு ஸ்கேலைக் கட்டிப் பாருங்கள். விரல் எண் அதற்குப் பிறகு வரட்டும்.

கோவை, வயலினிலிருந்து பியானோவுக்கு வந்தவர்:

உங்கள் அப்பா "சும்மா உட்கார்ந்திருக்கிறதா" என்று கேட்ட அந்த நாலாம் கட்டைக்கு எங்கள் பக்கத்தில் ஒரு வீடு உண்டு. ஐந்தைச் சட்சமமாக, அதாவது 'ச'வாக, வைத்து வெள்ளையிலேயே ஏறினால் அது கர்நாடக இசையின் ஹரிகாம்போதி, தாய் ராகங்களின் வரிசையில் 28ஆவது மேளம். நாலரை வைத்தால் 29ஆவதான தீரசங்கராபரணம். கீழ் 'நி'யான கைசிகி நிஷாதம், அரை மேலே இருக்கும் காகலி நிஷாதமாகிறது, மற்ற ஆறு சுரங்களும் அப்படியே இருக்கின்றன. சின்ன வயதில் மேளகர்த்தா வரிசையை ஒப்பித்திருந்தும், கட்டைகளைக் கண்ணால் பார்த்தபோதுதான் அந்த ஒரு சுரத்தின் தூரம் எனக்குக் கைக்குள் வந்தது.

முழுவும் அரையும் வேறு வரிசையில் வரும் மைனர் ஸ்கேல்களில் இந்தப் பழக்கம் இன்னும் கைகொடுத்தது. ஏ மைனரை வெள்ளைக் கட்டைகளிலேயே வாசித்தால் நடபைரவி. ஏழாவது சுரத்தை மட்டும் அரை ஏற்றினால் ஹார்மானிக் மைனர், நம் கீரவாணி. ஆறாவதையும் சேர்த்து ஏற்றினால் கௌரிமனோகரி. மெலாடிக் மைனர் என்று மாணவர்களை மிரட்டும் ஸ்கேல், கௌரிமனோகரியில் ஏறி நடபைரவியில் இறங்குகிறது, அவ்வளவுதான். கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவர்கள் இதற்குப் பயப்படவே தேவையில்லை.

இவை சுரங்களின் இடத்தில் உள்ள ஒற்றுமைகள் மட்டும்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கீரவாணியின் கமகங்களை, அதாவது சுரங்களின் அசைவுகளை, பியானோ தராது; கட்டை நின்ற இடத்தில் நிற்கிறது. அதை எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான்.

வயலினிலிருந்து நான் அப்படியே கொண்டுவந்தது சரளி வரிசை என்ற ஆரம்பப் பயிற்சியின் மூன்று காலம், அதாவது மூன்று வேகம். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60இல் வைத்து, தட்டுக்கு ஒரு சுரம், பிறகு இரண்டு, பிறகு நாலு. தாளம் மாறுவதில்லை, சுரங்கள்தான் நெருங்குகின்றன. மெட்ரோனோமைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதைவிட எனக்கு இது நன்றாகப் பலித்தது. முதல் காலத்தில் விரல் தடுமாறும் இடம் எதுவென்று தெளிவாகத் தெரியும். மூன்றாம் காலத்தில் உடைவதும் அதே இடம்தான்.

சென்னை, பியானோ ஆசிரியர்:

அந்தத் தடுமாறும் இடம் எது என்று நான் பார்க்காமலே சொல்வேன்: பெருவிரல் உள்ளே நுழையும் இடம்.

எட்டு சுரங்கள், ஐந்து விரல்கள். வலக்கையில் சி மேஜர் ஏறும்போது 1, 2, 3, பிறகு பெருவிரல் அடியில் புகுந்து 1, 2, 3, 4, 5. இடக்கையில் ஏறும்போது 5, 4, 3, 2, 1 வரை வந்து, நடுவிரல் பெருவிரலுக்கு மேலாகத் தாண்டி 3, 2, 1. ஜி, டி, ஏ, இ மேஜர்களுக்கும் இதே எண்கள்தான். இன்று இது இயல்பாகத் தோன்றுகிறது. ஆனால் ஜெர்மானிய இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக் இளைஞராக இருந்தபோது, கை எட்டாத நீட்டல்களுக்கு மட்டுமே பெருவிரலைப் பயன்படுத்திய பெரிய கலைஞர்களைக் கேட்டதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய மகன் கார்ல் ஃபிலிப் இமானுவேல் 1753இல் வெளியிட்ட வாசிப்பு முறை நூலில் இதைப் பதிவுசெய்து, பெருவிரலையே விரலமைப்புக்குத் திறவுகோலாக்கினார்.

என் மாணவர்களிடம் நான் கவனிப்பது மூன்றாம் விரலை அல்ல, இரண்டாம் விரலை. ஆள்காட்டி விரல் டி-யை அழுத்திய கணத்திலேயே பெருவிரல் சி-யை விட்டு உள்ளங்கைக்கு அடியில் நகரத் தொடங்கிவிட வேண்டும். நடுவிரல் இ-யை அழுத்தும்போது அது எஃப்புக்கு மேலே தயாராக இருக்கும். இ வரை காத்திருந்துவிட்டுப் பாய்ந்தால் முழங்கை வெளியே தள்ளும், மணிக்கட்டு குதிக்கும், எஃப் மட்டும் தடாலென்று விழும். நான் பியானோவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்பேன். பெருவிரல் எங்கே மாறியது என்று என் காதுக்குத் தெரியக்கூடாது. அது தெரியாமல் போகும் நாள்தான் அந்தப் பிள்ளை ஸ்கேல் வாசிக்கத் தொடங்கிய நாள்.

எண்களுக்குப் பின்னால் காரணம் உண்டு என்பதை எஃப் மேஜர் அழகாகக் காட்டும். வலக்கையில் வழக்கம்போல 1, 2, 3 வாசித்துவிட்டுப் பெருவிரலை மாற்றினால் அது பி ஃபிளாட் (பி-க்கு அரை கீழே, அதாவது ஆறரை) என்ற கருப்புக் கட்டையில் போய் நிற்கும். குட்டையான விரல் கருப்பை எட்ட, கை முழுவதும் உள்ளே போக வேண்டிவரும். அதனால் கருப்பை நாலாம் விரலுக்குக் கொடுத்துவிட்டு, பெருவிரலை அடுத்த வெள்ளையான சி-க்கு அனுப்புகிறோம்: 1, 2, 3, 4, 1, 2, 3, 4. இந்தக் காரணத்தைச் சொல்லாமல் எண்களை மட்டும் எழுதிக் கொடுப்பது எனக்குப் பிடிக்காது. பிள்ளைகள் யோசிக்கக் கூடியவர்கள்.

இன்னொன்று. சி மேஜரில்தான் தொடங்க வேண்டும் என்பது கண்ணுக்கு எளிது, கைக்கு அல்ல. இசையமைப்பாளர் ஷோபன் தம் மாணவர்களுக்கு முதலில் தந்தது பி மேஜர். சி மேஜரைக் கடைசிக்குத் தள்ளினார். ஐந்து கருப்புக் கட்டைகளிலும் நீண்ட விரல்கள் இயல்பாக அமர்கின்றன. பெருவிரல் இ, பி என்ற இரண்டு வெள்ளைகளில் மட்டும் இறங்குகிறது. நோட்டுப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் வந்தால் நானும் பி மேஜரைக் கையைப் பிடித்துக் காட்டிவிடுகிறேன். தாளில் ஐந்து ஷார்ப்புகளை (அரை ஏற்றும் குறிகளை) பார்த்து அரண்டுபோகாதவர்களுக்கு அது சுகமான ஸ்கேல்.

திருச்சி, ஒரு தாய்:

என் மகளுக்கு இரண்டு கைகளையும் சேர்ப்பதுதான் அழுகையாக இருந்தது. இரு கைகளும் ஒரே திசையில் போகும்போது பெருவிரல்கள் வேறு வேறு இடத்தில் மாறுவதால் குழம்பிப்போவாள். அவளுடைய ஆசிரியை முதலில் எதிர்த் திசையில் வாசிக்க வைத்தார். இரு பெருவிரல்களும் நடு சி-யில் ஒன்றாக நின்று, வலக்கை மேலே, இடக்கை கீழே. இரண்டுக்கும் ஒரே விரல் எண்கள், ஒரே நேரத்தில் பெருவிரல் மாற்றம். அழுகை நின்றது.

வீட்டில் எங்களிடம் இருப்பது 61 கட்டை கொண்ட இலேசான கீபோர்டு. வகுப்பில் இருக்கும் நிஜப் பியானோவின் கட்டைகள் கனமானவை. வீட்டில் சரளமாக ஓடும் ஸ்கேல் அங்கே பாதியில் திணறியது. இப்போது வகுப்புக்குக் கொஞ்சம் முன்னதாகவே அழைத்துப் போகிறேன். அந்த நேரம் முழுக்க ஸ்கேல் மட்டும்தான் வாசிக்கிறாள்.

பாளையங்கோட்டை, பள்ளி ஆசிரியை:

சகோதரி, ஒரே திசையில் வாசிக்கும்போது மகளை நடுவிரல்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். சி மேஜரில் இ-யிலும் ஏ-யிலும் இரு கைகளின் நடுவிரல்களும் ஒன்றாக விழும். பெருவிரல்கள் எங்கே போனாலும், அந்த இரண்டு இடங்களில் கைகள் சந்தித்துக்கொள்கின்றன. எனக்கு அதுதான் பிடிமானமாக இருந்தது.

ஆசிரியருக்கு ஒரு கேள்வி. ஆறரைக் கட்டையில் தொடங்கும் பி ஃபிளாட் மேஜரைக் காதால் கட்டிவிட்டேன். கருப்பில் தொடங்குவதால் வலக்கையில் எந்த விரலை முதலில் வைப்பது?

சென்னை, பியானோ ஆசிரியர்:

உங்கள் அப்பாவின் கணக்கிலேயே சொல்கிறேன், அம்மா. வலக்கையின் நாலாம் விரலை ஆறரைக் கட்டைக்கு எழுதி வைத்துவிடுங்கள். பெருவிரலை ஒன்றுக்கும் நாலுக்கும், அதாவது சி-க்கும் எஃப்புக்கும். எஃப், பி ஃபிளாட், இ ஃபிளாட், ஏ ஃபிளாட், டி ஃபிளாட் ஆகிய ஐந்து மேஜர் ஸ்கேல்களுக்கும் வலக்கைக்கு இந்த ஒரே விதி செல்லும். எந்தக் கட்டையில் தொடங்குகிறீர்கள் என்பதுதான் மாறும். ஆக, பி ஃபிளாட் ஏறும்போது 4, 1, 2, 3, 1, 2, 3, 4. முதல் சுரத்துக்கு மட்டும் சிலர் இரண்டாம் விரலை வைப்பார்கள், அதுவும் சரியே. இடக்கைக்கு 3, 2, 1, 4, 3, 2, 1, 3. இரு கைகளையும் தனித்தனியே, இரண்டு ஆக்டேவுகளுக்கு (ச முதல் மேல் ச வரை ஒரு ஆக்டேவ்), கோவை நண்பர் சொன்ன முதல் காலத்தில் வாசித்துப் பாருங்கள். அது கையில் நிலைத்த பிறகு இ ஃபிளாட்டுக்குப் போகலாம்.