குழு: ஆச்சி வீடு, தம்பலகாமம்

நான்: எல்லாருக்கும் வணக்கம். ஆச்சியின் நினைவுக் கல்வெட்டுப் புத்தகத்துக்கான எழுத்தை நாளை பின்னேரத்துக்குள் கொடுத்தால்தான் 31ஆம் நாளுக்குப் புத்தகம் கையில் வருமாம். தேவாரம், வம்சாவழி எல்லாம் கொடுத்தாயிற்று. ஆச்சியின் வாழ்க்கைக்கு இரண்டு பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. ஆளுக்கொரு ஞாபகம் எழுதுங்கள்.

சின்ன மாமி: படம் எது போடுகிறீர்கள்

பெரியம்மா: நீலச் சேலைப் படம்

சின்ன மாமி: அதில் அம்மா சிரிக்கவே இல்லை

பெரிய மாமா: பிள்ளை, ஊரிலிருந்துதான் தொடங்க வேண்டும். எங்கள் வயலுக்குக் கந்தளாய்க் குளத்துத் தண்ணீர். குளக்கோட்டன் கட்டுவித்த குளம் என்பது ஐதீகம். 1622இல் போர்த்துக்கேயர் திருக்கோணேச்சரத்தை இடித்த பிறகு ஆதிகோணநாயகர் எங்கள் ஊரில் கோயில் கொண்டார். அந்தக் கோயிலுக்கு முதல் நெல் கொடுக்காமல் அம்மா ஒரு போகமும் புது நெல்லில் புதிர் சமைத்ததில்லை. ஆகவே முதல் பந்தி குளக்கோட்டன்.

கொழும்புத் தம்பி: மாமா இரண்டு பக்கம்தான்

பெரிய மாமா: சுருக்கித்தான் சொல்கிறேன்.

நான்: பிறந்த ஆண்டு எது? அடையாள அட்டையில் 1934.

பெரியம்மா: பிழை. சாதகக் குறிப்பில் 1932

கனடா மாமா: அட்டையில் உள்ளதைப் போடுங்கள், இங்கே கடிதங்களுக்கு ஒத்துப்போக வேண்டும்

பெரியம்மா: அம்மாவின் வயதையும் உன் கடிதத்துக்காகக் குறைப்பதா

நான்: சரி, அது பிறகு. ஞாபகங்கள்?

பெரிய மாமா: 1986 ஏப்ரல் 20. வருடம் பிறந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. விடியப்புறம் கந்தளாய் அணைக்கட்டு உடைந்தது. குளமே போன பிறகு சிறுபோகத்துக்குத் தண்ணீர் ஏது? வெட்டுக்கும் நடவுக்கும் வந்து போன வீடுகளெல்லாம் எங்கள் முற்றத்தில் நின்றன. பெரும்போக நெல்லை அம்மா மரைக்காலால் அளந்து அளந்து கொடுத்தார். நான் கணக்கெழுதக் கொப்பி எடுத்தேன். பறித்து அடுப்படித் தட்டில் வைத்துவிட்டார். விதைநெல்லில் மட்டும் யாரையும் கை வைக்க விடவில்லை, என்னையும்தான்.

சின்ன மாமி: இதைக் கட்டாயம் போடு பிள்ளை

பெரியம்மா: 90இல் இடம்பெயர்ந்தபோதும் அந்த விதைதான். பச்சைப்பெருமாள். தலையணை உறையில் கட்டிக்கொண்டு வந்தார். நகைப் பெட்டியை மறந்துவிட்டார், அதை மறக்கவில்லை

கொழும்புத் தம்பி: அந்த உறை இப்போது எங்கே

சின்ன மாமி: என்னிடம்

பெரியம்மா: உன்னிடமா??

கனடா மாமா: வாய்க்கால் பக்க வயலை விற்றுத்தான் என்னை வெளியே அனுப்பினார். அதை எழுதுங்கள். நான் இன்று உயிரோடு இருப்பது அந்த வயலால்தான்.

பெரியம்மா: அது எனக்குச் சீதனம் என்று சொல்லியிருந்த வயல்

பெரியம்மா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கனடா மாமா: அக்கா, நான் பார்த்துவிட்டேன்.

கொழும்புத் தம்பி: இரவு ரயிலில் வருகிறேன். தம்பலகாமத்தில் இறங்கினால் யாராவது வந்து ஏற்றுவீர்களா?

சின்ன மாமி: முதலில் டிக்கெட் எடு

நான்: கிண்ணியாக் காக்கா போன் எடுத்தார். 31க்குத் தயிர் முழுக்கத் தானே தருகிறாராம். காசு கதைத்தால் வரமாட்டேன் என்கிறார். சுனாமி அன்று பின்னேரம் ஆச்சி ட்ராக்டர்ப் பெட்டியில் சோற்றுக் கிடாரம் ஏற்றிக் கிண்ணியாவுக்கு அனுப்பியதைச் சொல்லி அழுதார்.

பெரிய மாமா: அனுப்பியது மட்டுமல்ல, கூடவே போனார். 72 வயது. நான் மறித்தேன். "அங்கே பெண்பிள்ளைகள் மாற்ற உடுப்பில்லாமல் நிற்கும், நீ என்ன கண்டாய்" என்று சேலைகளையும் மூட்டை கட்டிக்கொண்டு ஏறிவிட்டார்.

கொழும்புத் தம்பி: 72 என்றால் 1932 சரி

பெரியம்மா: சொன்னேனே

சின்ன மாமி: அந்தச் சேலைகளில் என் கூறைக்கு அடுத்த சேலையும் ஒன்று. கேட்காமல் எடுத்துப் போனார். நான் ஒரு மாதம் அம்மாவோடு கதைக்கவில்லை. இப்போது நினைக்க நெஞ்சு அடைக்கிறது

கனடா மாமா: மச்சாள் அதையும் எழுதலாம்

சின்ன மாமி: வேண்டாம். சேலை கொடுத்தார் என்று மட்டும் போடுங்கள்

நான்: சரி. கிரியை எங்கே? கன்னியாவா, கடலா?

பெரிய மாமா: கன்னியாதான். இராவணன் தன் தாய்க்குக் கிரியை செய்ய உண்டாக்கிய ஏழு கிணறு என்பார்கள். அம்மாவுக்கு வேறெங்கே செய்வது? அதைப் பற்றியும் ஒரு பந்தி எழுதித் தருகிறேன்.

கொழும்புத் தம்பி: மாமா!

பெரியம்மா: குருக்களிடம் கேட்டீர்களா

பெரிய மாமா: நாளை கேட்கிறேன்.

கனடா மாமா: அக்கா, வாய்க்கால் வயலை இப்போது வைத்திருப்பவர் விற்பாரா? தெரிந்தால் கேளுங்கள். வாங்கி உங்கள் பெயரில் எழுதலாம்.

பெரியம்மா: இதைக் குழுவில் கதைக்காதே. எனக்கு எடு

நான்: பெரியம்மா, அப்போது அந்த வரியைப் போடவா, விடவா?

பெரியம்மா: அவனோடு கதைத்துவிட்டுச் சொல்கிறேன்

சின்ன மாமி: எத்தனை புத்தகம் அடிக்கிறோம்? 300?

பெரிய மாமா: 500. ஊர் முழுக்க வரும்.

சின்ன மாமி: 300 போதும். நீலச் சேலைப் படம் வேண்டாம், அறுவடைக் களத்தில் எடுத்த படம் ஒன்று இருக்கிறது, தேடி அனுப்புகிறேன்