குன்னூர்க் குளிரில் வெல்வெட் ஆந்தூரியம்: வழிகாட்ட வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். குன்னூரில், ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில், வீட்டின் பின்புறக் கண்ணாடி அறையில் அரிய வெப்பமண்டலச் செடிகளைச் சேகரித்து வளர்த்து வருகிறேன். பிலிப்பைன்ஸ் நாட்டு மெடினில்லா மாக்னிஃபிகா, அகன்ற இளஞ்சிவப்பு மடல்களுக்குக் கீழே பூங்கொத்துகளைத் தொங்கவிட்டு நிற்பதைக் காலையில் காண்பதைவிட எனக்குப் பெரிய மகிழ்ச்சி இல்லை. மலைக்காட்டு மரங்களில் தொற்றி வளரும் இனமென்பதால், அது நம் குளிருக்கும் ஓரளவு பழகிக்கொண்டது.

என் கவலையெல்லாம் ஆந்தூரியம் வரோக்குவியானம் பற்றியதுதான். கொலம்பியாவின் ஈரக்காடுகளுக்கு உரிய இச்செடியின் வெல்வெட் போன்ற கரும்பச்சை இலை, வெளிர் நரம்புகள் ஓட, ஒரு மீட்டருக்கும் மேல் நீளக்கூடியது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, சனவரியில் இரவுக் குளிரும் பகல் வறட்சியும் சேரும்போது, புதிய இலை சுருளிலிருந்து முழுமையாக விரிய முடியாமல் நடுவே கிழிந்து, நுனி பழுப்பேறிவிடுகிறது. மழைக்காலக் குளிரில் விரிந்த இலைகள் பழுதின்றி இருப்பதால், குளிரைவிடக் காற்றின் வறட்சியே காரணமென்று கருதுகிறேன்.

கோத்தகிரி, உதகை, கொடைக்கானல் பகுதிகளில் இதை வளர்ப்பவர்கள் அந்த மாதங்களில் அறையைச் சூடாக்குகிறீர்களா, ஈரப்பதமூட்டி மட்டும் போதுமா என்று தெரிவியுங்கள். மரப்பட்டை, கரி, தேங்காய்மட்டைத் துண்டுகள் கலந்துதான் நட்டிருக்கிறேன். சோலைக்காட்டு மரங்களிலிருந்து பாசியை உரித்து வருவது எனக்கு உடன்பாடில்லை, ஆகவே ஈரத்தைத் தக்கவைக்க வேறு பொருள் இருந்தால் சொல்லுங்கள். காட்டிலிருந்து பெயர்க்காமல், விதையிலோ திசு வளர்ப்பிலோ உருவான கன்றுகளை விற்கும் நாற்றங்கால் நீலகிரியில் இருந்தால் அதையும் குறிப்பிட வேண்டுகிறேன்.