கழிச்சல் கன்னுக்குட்டிக்குப் பொட்டாசியம் கூடினா இதயம் ஏன் மந்தமாகுது?

நாமக்கல் மாணவன்:
பத்து நாள் கன்னுக்குட்டி, கழிச்சல். ரத்தத்துல பொட்டாசியம் லிட்டருக்கு 8 மில்லிமோல், நாடி மெதுவா ஓடுது. செல்லுக்கு வெளிய பொட்டாசியம் கூடினா, சவ்வு மின்னழுத்தம் (செல் சவ்வுக்கு உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள மின் வித்தியாசம்) பூஜ்யத்துப் பக்கம் நகரும். அப்ப செல் சுலபமாத் தூண்டப்படோணுமே, ஏனுங்க தலைகீழா இருக்குது? அந்த மின்னழுத்தத்தையே சோடியம்-பொட்டாசியம் பம்ப்புதானுங்களே உண்டாக்குது?

மதகடி:
பம்ப்பு இல்லீங்க தம்பி. அது மூணு சோடியத்தை வெளிய தள்ளி ரெண்டு பொட்டாசியத்தை உள்ள இழுக்குது. அந்த ஒரு மின்னூட்ட வித்தியாசத்துல நேரா வர்றது சில மில்லிவோல்ட்டுதான். மீதி, ஓய்வுலயும் திறந்து கிடக்கற பொட்டாசியம் சேனல் (சவ்வுல அயனி போற துளை) செய்யற வேலை. பவானிசாகர் அணையில தண்ணி நிக்கறது வேற, மதகு திறக்கறது வேற. பம்ப்பு தேக்கி வெக்குது, அவ்வளவுதான்.

ஒரு அயனி மட்டும் கசிஞ்சா சவ்வு எந்த மின்னழுத்தத்துல நிக்கும்னு கணக்குப் போடுங்க: 61.5 × லாக் (வெளிச் செறிவு ÷ உள்செறிவு). பொட்டாசியம் வெளிய 4, உள்ள 140: −95 மில்லிவோல்ட். வெளிய 8 ஆனா −76. சோடியம் 145-க்கு 12: +67. பொட்டாசியம் கசியறதுல நூத்துல ஒரு பங்கு சோடியமும் கசியுதுன்னு வெச்சா, இதயச் செல் −87-ல இருந்து −72-க்கு வந்துரும். பின்னத்தைத் தலைகீழாப் போட்டுட்டுக் குறி மாறிப்போச்சுன்னு முழிக்கறவங்கதான் அதிகம்.

இன்னொண்ணு: 20 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உருண்டைச் செல்லுல 70 மில்லிவோல்ட் வர சுமார் 55 லட்சம் அயனி நகர்ந்தாப் போதும். உள்ள இருக்கற பொட்டாசியம் அயனி 35,000 கோடி. அதனால செறிவு மாறினதே தெரியாது.

தாராபுரத்தான்:
மந்தத்துக்குக் காரணம் சோடியம் சேனல்ல இருக்குதுங்க. அதுக்கு ரெண்டு கதவு. முதல் கதவு மின்னழுத்தம் ஏறினதும் திறக்கும், ரெண்டாவது ஓரிரு மில்லிசெகண்டுல அடைக்கும். அடைச்ச கதவு மறுபடி விலக, சவ்வு மின்னழுத்தம் நல்லா மைனஸ் பக்கம் இறங்கோணும். −72-லயே நின்னா கணிசமான சேனல் அடைச்சபடியே கிடக்கும். தூண்டல் வாசல் (தூண்டல் கிளம்பற மின்னழுத்தம்) கிட்டத்துல வந்தும் திறக்கச் சேனல் பத்தலை. சோடியம் பாயற வேகம் குறைஞ்சு, தூண்டல் பரவறது தளருது. மேலறைத் தசைதான் முதல்ல படுக்கும். ஈசிஜில (இதயத்தோட மின் வரைபடம்) மேலறையைக் காட்டற பி அலை தேஞ்சு மறையும், டி அலை கூராகும்.

நாமக்கல் மாணவன்:
அப்ப கால்சியம் போட்டா பொட்டாசியம் எறங்குமுங்களா?

தாராபுரத்தான்:
எறங்காதுங்க. கால்சியம் சவ்வோட வெளிப்பக்க எதிர் மின்னூட்டத்துல ஒட்டிக்கும். சேனலுக்கு அழுத்த வித்தியாசம் கூடினாப்பல படும். தூண்டல் வாசல் தள்ளிப்போகும். அரை மணி, ஒரு மணி நேரத்துக்கான காப்பு. மெதுவா, இதயத்தைக் கேட்டுக்கிட்டே ஏத்தோணும். அவசரப்பட்டா இதயமே நின்னுரும். பைகார்பனேட் ஓடற அதே குழாய்ல விட்டா சுண்ணாம்பாட்டம் படிஞ்சுரும்.

மதகடி:
பொட்டாசியத்தை எறக்கறது டெக்ஸ்ட்ரோஸும் (குளுக்கோஸ் சர்க்கரை) பைகார்பனேட்டும். டெக்ஸ்ட்ரோஸ் இன்சுலினைக் கிளப்பி, பம்ப்பை முடுக்கி உள்ள இழுக்க வெக்கும். பைகார்பனேட் ரத்த அமிலத்தைத் தணிக்கும். லிட்டருக்கு 13 கிராம் போட்ட 1.3 சதவீதக் கரைசல். ஆனா உடம்புல மொத்தப் பொட்டாசியம் குறைவுதானுங்க. சாணத்தோட போயிருச்சு, அமிலத்தால செல்லை விட்டு வெளிய வந்ததுதான் ரத்தத்துல தெரியுது. அமிலம் சரியானதும் திரும்ப உள்ள போயி, அடுத்த நாள் ரத்தத்துல குறையும், குட்டி துவண்டு படுக்கும். அதுக்குத்தான் உப்புச் சர்க்கரைக் கரைசல்ல லிட்டருக்கு ஒண்ணரைக் கிராம் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கறது. குட்டி எந்திரிச்சு சப்பிக் குடிக்க ஆரம்பிச்சதும் வாய் வழியாக் குடுங்க.