மறு: பிஸ்கட் பீங்கானுக்குத் தமிழ்ல என்ன?

> பிரெஞ்சுல அந்த வார்த்தைக்கு ரெண்டு தடவை சுட்டதுன்னுதானே அர்த்தம், 'இருசுட்ட பீங்கான்'னே வச்சிடலாமே?

அண்ணா, வேர்ச்சொல்படி சரிதான், ஆனா பிஸ்கட்டுங்கிறது பூச்சே கொடுக்காம விட்ட பீங்கான், சூளையில அதுக்கு நடக்கிறது நேர் எதிர். பிரான்சுல வான்சென் பட்டறையிலயும் அப்புறம் 1756ல அது இடம் மாறின செவ்ர்லயும் அப்போ செஞ்சது மென்பீங்கான் (கயோலின்ங்கிற வெள்ளைக் களிமண் சேராதது), அதை முதல்ல சுட்டு, ஈயம் கலந்த கண்ணாடிப்பூச்சு கொடுத்து மறுபடி சுடணும், வண்ணம் தங்கம்னு வச்சா இன்னும் பல தடவை சூளைக்குப் போகும். பிஸ்கட் முதல் சூட்டோட நின்னுடுது. அதைப்போய் இருசுட்டதுன்னு எழுதினா படிக்கிறவங்க தலைகீழாத்தான் புரிஞ்சுக்குவாங்க.

நான் சொல்றது 'பூச்சிலாப் பீங்கான்'. கண்ணாடிப்பூச்சும் கிடையாது, வண்ணப்பூச்சும் கிடையாது, ரெண்டையும் ஒரே சொல் சொல்லிடுது. நாடகக் காட்சியை வச்சு செஞ்ச இந்தச் சின்ன உருவங்களோட உயிரே அதுலதான் இருக்கு. ஈயப்பூச்சு கெட்டியா ஓடி விரல் இடுக்கு, உதட்டோரம், துணி மடிப்பு எல்லாத்துலயும் தேங்கி நிக்கும், சிற்பி கஷ்டப்பட்டு செதுக்கினதெல்லாம் மழுங்கிப் போயிடும். 1750களோட தொடக்கத்துல பட்டறையோட கலை இயக்குநர் பாஷ்லியே பூச்சே வேண்டாம்னு விட்ட பிறகுதான் முகபாவம் அப்படியே நின்னுச்சு.

நாடகத்துக்கு இது ஏன் அவ்ளோ பொருந்துச்சுன்னா, 1745ல பாரிஸ் ஸான் லோரான் சந்தையில நாடகாசிரியர் ஃபவார் போட்ட 'தெம்பேயின் திராட்சை அறுவடை' வசனமே இல்லாத ஊமை நாடகம், அரசு அனுமதி பெற்ற பெரிய நாடக சபைகளோட நெருக்கடியில சந்தை மேடைக்குப் பேச்சுரிமை போயிருந்த நேரம் அது. எல்லாத்தையும் கையாலயும் முகத்தாலயும்தான் சொல்லணும். அதுல குட்டி இடையனும் லிஸெட்டும் திராட்சை ஊட்டிக்கிற காட்சியை ஓவியர் பூஷே வரைஞ்சார், அதை வச்சு 1752 வாக்குல வான்சென்ல உருவம் செஞ்சாங்க. பக்கத்துல வச்சுப் பார்த்தா அந்தப் பொண்ணு விரல் பழத்தைப் பிடிச்சிருக்கிற விதத்துலயே காட்சி புரிஞ்சிடும். சேகரிக்கிறவங்க அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாங்க, 1757லிருந்து 1766 வரைக்கும் சிற்பி ஃபால்கோனே செவ்ர்ல சிற்பப் பிரிவைப் பார்த்துக்கிட்ட காலத்து உருவங்கள் பலதுல 'எஃப்'னு ஒரு எழுத்து கீறியிருக்கும். பூச்சு இல்லாததால தொட்டுத் தொட்டு அழுக்கேறின மேடும் தூசி படிஞ்ச மடிப்பும் நல்லாவே தெரியும்.

உருவத்துக்கு 'பொம்மை' வேண்டாம், விளையாட்டுச் சாமான் மாதிரி ஆயிடும். 'பாவை' போடலாம். ஆனா 'கூத்துப்பாவை' கூடாது, தோல்பாவைக்கூத்துன்னுதான் எல்லாரும் நினைப்பாங்க. 'காட்சிப்பாவை' எப்படி?

—

> 'காட்சிப்பாவை' எப்படி?

தம்பி, பூச்சிலாப் பீங்கானுக்கு என் முழு ஆதரவு. காட்சிப்பாவைதான் இடிக்குது, ஷோகேஸ்ல வைக்கிற எதையும் அப்படிச் சொல்லலாமே. நேரா 'நாடகப் பாவை'ன்னு வைங்க, மென்னெஸிங்கிற இன்னொரு பிரெஞ்சுப் பட்டறையில செஞ்ச இத்தாலிய நகைச்சுவை நாடகப் பாத்திரங்களையும் அதுலயே சேர்த்துக்கலாம், அவை பூச்சோடவே வந்தவை, அதனால பொருளுக்கு ஒரு சொல் வடிவத்துக்கு ஒரு சொல்னு பிரிச்சு வச்சாத்தான் ரெண்டும் குழம்பாது.

—

நாடகப் பாவை நல்லா இருக்குக்கா, எடுத்துக்கிட்டேன். அப்போ பட்டியல்ல இப்படிப் போடுறேன்: பூச்சிலாப் பீங்கான் நாடகப் பாவை, வான்சென், மென்பீங்கான். 1768ல லிமோஷ் பக்கம் ஸான் இரியேல கயோலின் மண் கிடைச்ச பிறகு அதை வச்சு செவ்ர்ல செஞ்சதுக்கு 'வன்பீங்கான்'. மறுப்பு இருக்கிறவங்க ஞாயித்துக்கிழமைக்குள்ள எழுதிடுங்க, அதுக்கப்புறம் அகராதியில ஏத்திடுறேன்.