புயல் இரவும் தொலைக்காட்சியும்: திருகோணமலை வாசகர்களின் அனுபவப் பகிர்வு

உப்புவெளி வாசகி

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு இன்னும் மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. புரெவிப் புயல் எங்கள் கரையை நோக்கி வருவது தெரிந்து, கடலோரத்து உறவினர்கள் பிள்ளைகளுடன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். டிஷ் வழியாக வரும் தமிழகச் செய்தி அலைவரிசை ஒன்றை அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். வரைபடத்தில் புயற்சுழி எங்கள் கிழக்குக் கரையைத் தொட்டுவிட்டது. செய்தியாளர் நின்றதோ தமிழகத்தின் பாம்பனில். அங்கே கரையை நெருங்க நேரம் இருப்பதாக அவர் நிதானமாக விளக்கிக்கொண்டிருந்தபோது எங்கள் கூரைத்தகரம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "இன்னும் நேரம் இருக்காம் பிள்ளை" என்றார். செய்தியிலும் பிழையில்லை, தமிழிலும் பிழையில்லை. அது வேறு கரையில் இருப்பவர்களுக்கான செய்தி. எங்கள் வீட்டில் வரும் அத்தனை தமிழ் அலைவரிசைகளிலும் எங்கள் கரையிலுள்ள குச்சவெளியின் பெயரைச் சொல்லக்கூடியவை மிகச் சிலவே என்பது அன்றுதான் உறைத்தது.

கிண்ணியா வாசகர்

சகோதரியின் கவலை நியாயமானது. ஆனால் நமக்கென்று எதுவும் இல்லை என்ற எண்ணத்தை நான் ஏற்கமாட்டேன். நம் நாட்டுத் தமிழ் அலைவரிசைகளான சக்தி 1998இலிருந்தும் வசந்தம் 2009இலிருந்தும் ஒளிபரப்பாகின்றன; அரச தொலைக்காட்சியான ரூபவாகினியின் நேத்ராவும் இருக்கிறது. அன்றிரவு நான் வசந்தம் பார்த்துத்தான் பிள்ளைகளை உள்ளறைக்கு மாற்றினேன்.

டிஷ் பூட்டியதும் பலர் கூரையிலிருந்த பழைய அன்டெனாவைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மாதக் கட்டணம் கட்டத் தவறினாலும், கடும் மழையில் டிஷ்ஷின் சமிக்ஞை அறுந்தாலும் அன்டெனா கைகொடுக்கும். கடற்காற்றில் வயர் இணைப்புகள் விரைவில் துருப்பிடிப்பதால் மாரிக்கு முன் அவற்றைச் சுத்தம் செய்து, நீர் புகாதபடி நாடா சுற்ற வேண்டும். அன்டெனா ஒளிபரப்புக் கோபுரத்தின் திசையைப் பார்த்து நிற்க வேண்டும். காற்றில் சற்றுத் திரும்பினாலும் படம் புள்ளிபுள்ளியாகிவிடும். மின்சாரம் போனால் இவை எதுவும் உதவாது; ஆகவே பற்றரியில் இயங்கும் வானொலி ஒன்றும் வீட்டில் இருக்கட்டும்.

மூதூர் வாசகர்

கிண்ணியா நண்பருக்கு ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் அன்டெனா பூட்டலாம். பொது இடத்தில் மாட்டியிருக்கும் தொலைக்காட்சியை என்ன செய்வது? ஒரு மாரிகாலத்தில், நகரத்து அலுவலகம் ஒன்றின் காத்திருப்பு மண்டபத்தில் சிங்களச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. மகாவலியின் நீர்மட்டம் உயர்கிறது என்பது படத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அந்த ஆறு கடலில் கலக்குமிடம் கொட்டியாரக்குடா. எங்கள் வயல்கள் அந்தப் பக்கம்தான். என்னருகே இருந்த வயதான ஐயா, "எந்த இடத்தைத் தம்பி சொல்லுகினம்?" என்று கேட்டார். எனக்கும் பாதிதான் விளங்கியது. முன்வரிசையிலிருந்த சிங்கள இளைஞர் ஒருவர் எழுந்து வந்து, தனக்குத் தெரிந்த தமிழில், கைகளால் உயரம் காட்டி விளக்கினார். ஐயா தன் அலுவலை விட்டுவிட்டு உடனே பேருந்து நிலையத்துக்குப் புறப்பட்டார். தமிழும் அரசகரும மொழி என்று 1987இலேயே அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தில் எழுதிய நாட்டில், ஐயாவுக்குத் தன் ஊரின் வெள்ளச் செய்தி அந்த இளைஞரின் நல்ல மனதால்தான் கிடைத்தது.

பாலையூற்று வாசகர், ஓய்வுபெற்ற ஆசிரியர்

1982இல் ரூபவாகினி தொடங்கிய காலத்தில் தமிழுக்கென்று ஒதுக்கிய நேரத்துக்காகக் காத்திருந்தவர்கள் நாங்கள். ஆனாலும் சிங்கள அலைவரிசைகளை வெறும் இடைஞ்சலாக நான் பார்க்கவில்லை. சிங்களத் திரைப்பட இயக்குநர் டைட்டஸ் தொட்டவத்த போன்றவர்கள் வெளிநாட்டுச் சித்திரத் தொடர்களை அழகான சிங்களத்தில் குரல்கொடுத்துத் தயாரித்து ஒரு மரபை உருவாக்கினார்கள். அத்தகைய தொடர்களைப் பார்த்தே சிங்களம் பழகிய என் பேரன், சந்தையில் மீன் வியாபாரியுடன் சரளமாக விலை பேசியபோது நான் திகைத்து நின்றேன். அதே பேரன் தமிழ் பேசும்போது சென்னைத் தொடர்களின் பேச்சு வருகிறது. நம் பேச்சுத் தமிழில் சிறுவர் தொடர்கள் போதுமான அளவு உருவாகவில்லை என்பதுதான் என் ஆற்றாமை.

அன்டெனா விடயத்தில், எங்கள் பக்கத்தில் கிண்ணியா அளவுக்குப் படம் தெளிவாக விழுவதில்லை. நிலாவெளியில் வசந்தம் எப்படி எடுபடுகிறது என்று அங்குள்ளவர்கள் எழுதினால், கோபுரத்தின் திசையை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.