இன்கார்னேஷனுக்கு ஒரு சொல்: மனுவும் வேண்டாம், உருவும் வேண்டாம்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

நம் சமயவியல் கலைச்சொல் பட்டியல் இன்கார்னேஷனில், அதாவது கடவுள் மனிதரானார் என்ற கிறிஸ்தவக் கோட்பாட்டில், வந்து இரண்டு வாரமாக நிற்கிறது. வண்டி நகராவிட்டால் இறங்கித் தள்ளத்தானே வேண்டும், அதனால் எழுதுகிறேன். நான் இறையியல் படித்தவன் இல்லை. மதுரையில் மெய்ப்புத் திருத்திப் பிழைப்பவன். சாமியார்கள், போதகர்கள் எழுதும் புத்தகங்கள் நிறைய என் மேசைக்கு வரும். ஒரே புத்தகத்தில் முதல் அத்தியாயத்தில் மனுவுருவாதல், மூன்றாவதில் மனித அவதாரம், கடைசியில் மாம்சமாகுதல் என்று இருக்கும். எதை அடிப்பது, எதை விடுவது என்று தெரியாமல் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். குழுவில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ‘அவதாரப் படலம்’ என்று ஒரே தலைச்சொல்லாகப் போட்டுவிட்டால் பிறந்த கதை, கோட்பாடு இரண்டும் அதில் அடங்கிவிடும்.

அடங்காது ஐயா. இயேசு பிறந்த கதை நான்கு நற்செய்திகளில் இரண்டில்தான் இருக்கிறது. மத்தேயுவில் முதல் இரண்டு அதிகாரம், லூக்காவில் முதல் இரண்டு அதிகாரம். கனவு, மக்கள்தொகைக் கணக்கு, இடையர்கள், ஏரோதின் கோபம், எகிப்துக்கு ஓட்டம் எல்லாம் அங்கே உண்டு. ‘கடவுள் மனிதரானார்’ என்ற வாக்கியம் கிடையாது. மத்தேயுவில் ‘கடவுள் நம்மோடு’ என்று பொருள்படும் இம்மானுவேல் என்ற பெயர் வருகிறது, அவ்வளவுதான். யோவானிலோ வாக்கு (கிறிஸ்துவை அவர் அப்படித்தான் அழைக்கிறார்) மனிதரான செய்தி முதல் அதிகாரம் 14ஆம் வசனத்திலேயே வந்துவிடும், ஆனால் தொழுவமும் கிடையாது, விண்மீனும் கிடையாது. மாற்கு பிறப்பைத் தொடாமல் நேரே யோர்தான் கரைக்குப் போய்விடுகிறார். இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டால், மத்தேயுவில் இல்லாததை மாணவன் மத்தேயுவில் தேடிக்கொண்டிருப்பான்.

பிறப்பைச் சொல்லும் பகுதிக்கு ‘பிறப்புக் காதை’ என்பது என் முன்மொழிவு. ‘வரலாறு’ என்றால் நடந்ததா இல்லையா என்ற வழக்கில் நாமே தீர்ப்பு எழுதியது மாதிரி ஆகும். ‘கதை’ என்றால் எதிர்த் தீர்ப்பு; ‘கதை விடாதே’ என்று தினமும் சொல்கிறோமே. காதையில் அந்த வம்பு இல்லை. சிலம்பின் மதுரைக் காண்டத்தில் வழக்குரை காதை படித்த ஊர்க்காரனுக்கு அது அந்நியமாகவும் படாது. இதில் பெரிய சண்டை வராது என்று நினைக்கிறேன்.

சண்டை மற்றதில்தான்.

போன கார்த்திகையில் குடில் பொம்மை வாங்க விளாச்சேரிக்குப் போயிருந்தேன். மதுரையை ஒட்டி, திருப்பரங்குன்றம் பக்கம். கொலு பொம்மைக்குப் பேர்போன ஊர், கிறிஸ்துமஸ் சமயத்தில் குடில் பொம்மையும் போடுவார்கள். ஒரு வீட்டுத் திண்ணையில் ஒரே பலகையில் கொலுவுக்கு விற்காமல் மிஞ்சிய தசாவதாரம், பக்கத்தில் குடில் செட். செட்டில் லூக்காவின் இடையர்களும் மத்தேயுவின் ஞானிகளும் தோளோடு தோள் உரசி நின்றார்கள். மத்தேயு ஞானிகளைத் தொழுவத்துக்கே அனுப்பவில்லை, வீட்டுக்குள் போனதாகத்தான் எழுதுகிறார். மூன்று பேர் என்ற எண்ணிக்கையும் அவர் சொன்னதில்லை. மாடும் கழுதையும் இரண்டு பேரிடமும் இல்லை, அவை ஏசாயா முதல் அதிகாரத்திலிருந்து நடந்து வந்தவை. 1223இல் இத்தாலியத் துறவி அசிசி பிரான்சிஸ் கிரேச்சோ என்ற ஊரில் குடில் வைத்தார். இன்று நம் மனத்தில் இருப்பதும் அந்தக் கலவைதான்.

“குழந்தை மட்டும் தனியா வேணுமா, செட்டாவா?” என்று அந்த அம்மா கேட்டார். குழந்தையை எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். அடியில் சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை, உள்ளே வெறும் பொள்ளல். “கெட்டியா இருந்தா சூளையில வெடிச்சிரும்ல” என்றார். மேலே கன்னத்துக் குழி முதல் கால் விரல் வரை பிசகில்லாத குழந்தை, உள்ளே ஒன்றும் இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் இதே நினைப்புத்தான். ‘மனுவுரு’ என்ற சொல்லுக்கும் எனக்கும் உள்ள தகராறு இதுதானே!

தொடக்கத் திருச்சபையில் ஒரு சாரார் இருந்தார்கள். கிறிஸ்துவுக்கு உடம்பு இருந்தது மாதிரித் தோன்றியதே தவிர உண்மையில் இல்லை என்பது அவர்கள் கட்சி. டோசெட்டிசம் என்கிறார்கள், பட்டியலில் அதைத் ‘தோற்றவாதம்’ என்று ஏற்கெனவே போட்டுவிட்டோம். அதை மறுத்து எழுந்த கோட்பாட்டுக்குப் போய் ‘உருவெடுத்தல்’ என்று பெயர் வைத்தால் எதிராளிக்கு நாமே வக்காலத்து வாங்குகிற மாதிரி. நம் பக்கத்தில் அய்யனார் கோயிலுக்கு நேர்ந்துவிடும் மண் பொம்மைக்கே உருவாரம் என்றுதானே பெயர்.

‘மனு’ அதைவிட மோசம். கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை வரிசையில் நிற்பவரிடம் கேளுங்கள், மனு என்றால் என்ன என்று. இன்னொரு நண்பர் சொன்ன ‘மனுவேற்பு’ அச்சில் வந்தால், தாசில்தார் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்றே வாசிப்பார்கள்.

‘மாம்சம்’ பழைய மொழிபெயர்ப்பில் வேரூன்றிய சொல். “அந்த வார்த்தை மாம்சமாகி” என்று மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் நிறைய. மூலத்துக்கு நெருக்கமும் அதுதான், கிரேக்கத்தில் சார்க்ஸ் என்றால் சதை. ஆனால் கோயில் சுவரில் அதைப் படிக்கிற வெளியாளுக்குக் கறிக்கடைதான் ஞாபகம் வரும். 1995இல் வந்த திருவிவிலியம் அதனால்தானோ என்னவோ “வாக்கு மனிதர் ஆனார்” என்று எளிமையாக முடித்துக்கொண்டது.

> அவதாரம் என்ற சொல் எல்லாருக்கும் தெரியும். தெரிந்த சொல் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

நியாயமான கேள்வி. அவதாரம் என்றால் இறங்கி வருதல். மதுரைக்காரனுக்குச் சாமி இறங்குவதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குகிறார், கோயில் கொடையில் சாமியாடி மேல் சாமி இறங்குகிறது. இறங்காமலே சொக்கநாதர் கூலியாளாக வந்து வந்தியின் பிட்டுக்கு மண் சுமந்து, பாண்டியனிடம் பிரம்படி பட்டு, அந்த அடியை ஊரார் எல்லார் முதுகிலும் விழவைத்த ஊர் இது. ஆனால் சொக்கநாதர் யார் வயிற்றிலும் பிறக்கவில்லை. ‘பிறவா யாக்கைப் பெரியோன்’ என்று இளங்கோ சொல்வது அவரைத்தான்.

‘அவதாரத்தில் பிறப்பு இல்லை, அதனால் பொருந்தாது’ என்று சில கிறிஸ்தவ நூல்கள் எழுதுகின்றன. அது தப்பு. ‘ஒருத்தி மகனாய்ப் பிறந்து’ என்று ஆண்டாள் பாடுவதை மார்கழி விடியலில் கேட்டுக்கொண்டே அப்படி எழுத முடியாது. வேறுபாடு எண்ணிக்கையில் இருக்கிறது. அவதாரம் யுகந்தோறும் உண்டு. அந்தப் பலகையிலேயே பத்து இருந்தன. பைபிளின் எபிரெயர் நிருபமோ ‘ஒரேதரம்’ என்று அழுத்திச் சொல்கிறது. அப்புறம், வந்த வேலை முடிந்ததும் உடம்பைக் களைந்துவிட்டுப் போவதாகவும் கிறிஸ்தவர் சொல்வதில்லை. உயிர்த்தெழுந்தவர் தோமாவிடம் ஆணித் தழும்பைக் காட்டுகிறார்.

இதெல்லாம் போக, சொல்லே தேய்ந்துவிட்டது. நடிகர் படம் எடுத்தால் ‘தயாரிப்பாளர் அவதாரம்’ என்று சினிமாப் பக்கத்தில் போடுகிறார்கள். வைணவத்தில் அது இன்றும் வலுவான சொல்தான். அவர்கள் சொல்லை அவர்களிடமே விட்டுவிடுவோம்.

என் முன்மொழிவு: மெய்யேற்பு.

மெய் என்றால் உடம்பு, மெய் என்றால் உண்மை. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோக்கியா ஆயர் இஞ்ஞாசியார் தோற்றவாதிகளை மறுத்து எழுதிய கடிதத்தில், மெய்யாகவே பிறந்தார், மெய்யாகவே சிலுவையில் அறையப்பட்டார் என்று அந்த ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் போட்டு அடிக்கிறார். கிரேக்கத்தில் அவருக்கு உடம்புக்கு ஒரு சொல், உண்மைக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. தமிழில் ஒன்றே போதும். ‘மெய்யாதல்’ என்று வைக்கலாமே என்றால், ‘வாக்கு மெய்யானது’ என்பதைக் குறி சொன்னது பலித்துவிட்டது என்றுதான் காது கேட்கும். பதவியேற்பு, பொறுப்பேற்பு வரிசையில் மெய்யேற்பு இடறாமல் நாக்கில் வருகிறது.

1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ காலத்தில் பல சொல் போர்த்துக்கீசியம். 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் (ராபர்ட் டி நொபிலி) அதை மாற்ற முயன்றபோது கூட இருந்த பாதிரியாரே அவர் மேல் புகார் எழுதினார். ஆகவே எனக்கும் கொஞ்சம் விழும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

அன்புடன்,
மெய்ப்புக்காரன்

*

அண்ணாச்சிக்கு,

பொள்ளல் குழந்தை மனசில் நின்றுவிட்டது. இருந்தாலும் மூன்று இடத்தில் முட்டுகிறது.

அரசரடியில் இறையியல் படித்த காலத்தில் அப்போலினாரியுஸைப் பற்றி ஒரு வாரம் மல்லுக்கட்டினோம். கிறிஸ்துவுக்கு மனித உடல் உண்டு, ஆனால் மனித மனம் இருக்கவேண்டிய இடத்தில் வாக்கே இருந்தது என்றவர் அவர். 381இல் ஆயர்கள் கூடிய கான்ஸ்டான்டினோப்பிள் சங்கம் அந்தக் கொள்கையைத் தள்ளியது. உங்கள் சொல்லைப் பார்த்தால் அவர் சந்தோஷப்படுவார். உடம்பைத்தானே ஏற்றார் என்கிறீர்கள்? மெய், வாய், கண், மூக்கு, செவி என்று எண்ணும்போது மெய் வெறும் தோல்தான் அண்ணாச்சி.

பதவியேற்றவர் ஐந்து வருஷத்தில் இறங்கிவிடுவார். தழும்பு நிலைத்திருக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டு, கழற்றி வைக்கிற மாதிரி ஒரு சொல்லா? யோவான் ‘ஏற்றார்’ என்று சொல்லவில்லை, ‘ஆனார்’ என்கிறார்.

உருவையும் இப்படித் துரத்த வேண்டாம். பிலிப்பியர் 2இல் ‘அடிமையின் ரூபமெடுத்து’ என்று பவுலே எழுதியிருக்கிறார்.

*

சகோதரிக்கு,

உருவைப் பற்றிச் சொன்னது சரி. பவுலின் அந்தப் பாடலுக்கு ‘அடிமை உரு’ என்று தனிப் பதிவு போட்டுவிடலாம். துரத்தியது கொஞ்சம் அவசரம்தான்.

தோலுக்கு மட்டும் பதில் வைத்திருக்கிறேன். மெய்ப்பாடு என்று தொல்காப்பியர் சொல்வது உள்ளே இருக்கும் நகையும் அழுகையும் வெளியே தெரிவதை. மனம் இல்லாத மெய்யில் மெய்ப்பாடு ஏது? ஏற்புக்கும் ஆள் பிடித்தேன். அப்போலினாரியுஸ் கட்சியை எதிர்த்து ஆயர் நசியான்சுஸ் கிரகோரியார் எழுதியதன் சாரமே, எது ஏற்கப்படவில்லையோ அது குணமாக்கப்படவும் இல்லை என்பதுதான். அவர் ஆண்ட வினை ‘ஏற்றல்’தான்.

ஆனால் ‘ஆனார்’ என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. நேற்று இரவு பூசையில் சொல்லும் விசுவாச அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். சின்ன வயசில் கீழவெளி வீதி மரியன்னை கோயிலில் நள்ளிரவுப் பூசையின்போது அந்த வரிக்கு மட்டும் எல்லாரும் முழங்கால் போடுவோம். புது பேன்ட்டில் மண் ஒட்டிவிடுமே என்று பாதி குனிந்து நிற்பேன், பின்னாலிருந்து அம்மா அழுத்துவார். ‘உடல் எடுத்து மனிதர் ஆனார்.’ இத்தனை வருஷம் சொல்லியும் அதில் இரண்டு வினை இருப்பதைக் கவனித்ததில்லை. 325இல் நிசேயா சங்கத்தில் அந்த அறிக்கையை எழுதிய கிரேக்கத்திலேயே இரண்டுதான், சதையுற்று, மனிதராகி. முதல் வினைதான் லத்தீன் வழியாக இன்கார்னேஷன் ஆனது. இரண்டாவது எனாந்த்ரோப்பேசிஸ், ஒற்றைத் தலைச்சொல் தேடிய அவசரத்தில் அதை நாம் பட்டியலில் சேர்க்கவே இல்லை.

ஆகவே இரண்டு பதிவு: இன்கார்னேஷன் – மெய்யேற்பு. எனாந்த்ரோப்பேசிஸ் – மனிதராதல். ஒன்றின் கீழ் மற்றதைப் பார்க்கச் சொல்லிக் குறிப்பு. அவதாரம் வைணவப் பகுதியில் இருக்கட்டும். மனுவுரு, மாம்சமாகுதல் இரண்டையும் ‘பழைய வழக்கு’ என்று சாய்வெழுத்தில் போடுகிறேன். பிறப்புக் காதைக்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை, அது உள்ளே போய்விட்டது.

குழந்தை இயேசுவைக் கிடத்திய இடம் முன்னணையா, தீவனத் தொட்டியா என்று ஒருவர் தனி மடலில் கேட்டிருந்தார். எங்கள் தாத்தா வீட்டுத் தொழுவில் அதற்குக் காடி என்று பெயர். அதை வேறு இழையில் வைத்துக்கொள்வோம்.