எவர்லி சகோதரர்கள் உண்மையிலேயே ஊருக்குத் திரும்பினார்களா?

கதிரவன்:
அமெரிக்காவின் அண்ணன் தம்பிப் பாடகர்கள் டான் எவர்லி, பில் எவர்லி என்றால் பலருக்கு 1957, 58இல் வந்த துள்ளலான காதல் பாட்டுகள்தான் நினைவுக்கு வரும். என்னைக் கட்டிப்போட்டவை வேறு இரண்டு ஆல்பங்கள். ஒன்று 1958இல் வந்த 'சாங்ஸ் அவர் டாடி டாட் அஸ்'. இன்னொன்று பத்து வருஷம் கழித்து வந்த 'ரூட்ஸ்'.

டான் 1937இல் பிறந்தது கென்டக்கி மாநிலத்தின் மியூலன்பர்க் கவுண்டியில் (மாவட்டம் மாதிரி), பிரவுனி என்ற நிலக்கரிச் சுரங்கக் குடியிருப்பில். அப்பா ஐக் எவர்லி சின்ன வயதிலேயே சுரங்க வேலைக்குப் போனவர், அபாரமான கிட்டார்க்காரர். 1958 மே மாதம் இந்தப் பையன்களின் பாட்டு அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்தது. அதே ஆகஸ்டில் ஸ்டுடியோவுக்குப் போய் டிரம்ஸ் இல்லாமல், கிட்டாரையும் ஒரு டபுள் பேஸையும் மட்டும் வைத்துக்கொண்டு, அப்பாவிடம் கற்ற பழம்பாடல்களைப் பதிவு செய்தார்கள். ஒருவருக்கு 21 வயது, இன்னொருவருக்கு 19. பணமும் புகழும் கொட்டும் நேரத்தில் யாரும் கேட்காமலேயே இதைச் செய்தார்கள் என்றால், மனசு ஊரிலேயே இருந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? அமெரிக்கக் கிராமத்து இசையான கன்ட்ரி இசையில் சொந்த மண்ணுக்குத் திரும்பிய சகோதரர்களில் இவர்களைத்தான் முதலில் வைப்பேன். மாற்றுக்கருத்து உள்ளவர்கள் வாருங்கள்.

பழைய ரேடியோ:
எனக்கு இருக்கிறது தம்பி. திரும்ப வேண்டும் என்றால் முதலில் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். பில் பிறந்ததே சிகாகோவில், 1939இல். பையன்கள் வளர்ந்தது ஐயோவா மாநிலத்தின் ஷெனாண்டோவாவில். அப்பாவும் அம்மாவும் அங்கே வானொலியில் பாடினார்கள், பிள்ளைகளையும் மைக் முன்னால் நிறுத்தினார்கள். பள்ளிக்கூட வயதிலேயே இவர்கள் தொழில்முறைப் பாடகர்கள். கென்டக்கி இவர்களுக்கு அப்பா சொன்ன கதை.

அந்த 1958 ஆல்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வரும் 'கென்டக்கி' பாட்டை எழுதிய கார்ல் டேவிஸ், சிகாகோவின் டபிள்யூ.எல்.எஸ். வானொலியில் பாடிப் பேர் வாங்கியவர். 'தட் சில்வர் ஹேர்ட் டாடி ஆஃப் மைன்' திரைப்படக் கௌபாய் ஜீன் ஆட்ரியின் வெற்றிப்பாட்டு. 'புட் மை லிட்டில் ஷூஸ் அவே' 19ஆம் நூற்றாண்டில் அச்சடித்து விற்ற சோகப்பாட்டு. வயலிலோ சுரங்கத்திலோ முளைத்த பாட்டுகள் என்று நாம் நினைப்பதில் பாதி, ரேடியோவும் அச்சகமும் ஊருக்குக் கொண்டுவந்தவை.

1968 விஷயம் இன்னும் வெளிப்படை. பேர்ட்ஸ் என்ற ராக் இசைக்குழுவின் கன்ட்ரி ஆல்பம் அந்த ஆகஸ்டில் வந்தது. கலிஃபோர்னியாவில் எல்லோரும் கிராமத்துப் பக்கம் திரும்பிய நேரம். எவர்லிகளுக்கு அமெரிக்காவில் ஹிட் இல்லாமல் போய்க் கொஞ்சக் காலம் ஆகியிருந்தது. வார்னர் பிரதர்ஸ் இசைத்தட்டு நிறுவனத்தின் தயாரிப்பாளர் லெனி வாரன்கர் போட்ட திட்டம்தான் 'ரூட்ஸ்'. அதை வேரைத் தேடிய பயணம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தாரா:
கிட்டார் வாசிப்பவள் என்ற முறையில் நுழைகிறேன். பாட்டு எங்கே எழுதப்பட்டது என்பதை மட்டும் பார்த்தால் ரேடியோ சார் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் அப்பா கொடுத்தது வெறும் பாட்டுப் பட்டியல் இல்லை. கட்டைவிரல் கீழ்ஸ்தாயிக் கம்பிகளில் மாறி மாறி தாளம் போட்டுக்கொண்டே இருக்கும், மற்ற விரல்கள் மேலே மெட்டை எடுக்கும். ஒரே ஆள் வாசிக்கும்போது இரண்டு பேர் வாசிப்பது மாதிரிக் கேட்கும். அந்தக் கை மியூலன்பர்க்கின் சொத்து. கென்னடி ஜோன்ஸ், மோஸ் ரேகர், ஐக் எவர்லி ஆகியோர் அதை வாசித்தார்கள். அவர்களைப் பார்த்துக் கற்ற மெர்ல் டிராவிஸ் உலகத்துக்குக் கொண்டுபோனார். டிராவிஸைக் கேட்டு வளர்ந்த கிட்டார்க்காரர் செட் அட்கின்ஸ்தான் பின்னால் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் இந்தப் பையன்களுக்குக் கை கொடுத்தார். அப்பா கற்றுக்கொடுத்தது சுற்றி வந்து பிள்ளைகளையே தூக்கிவிட்டிருக்கிறது.

அடுத்தது குரல். டான் கீழே, பில் மேலே. 'டவுன் இன் த வில்லோ கார்டன்' கேளுங்கள். காதலியைக் கொன்றவன் தூக்குமேடைக்கு முன்னால் சொல்லும் கதை. அதை இரண்டு பேரும் அழாமல், குரலை உயர்த்தாமல் பாடுகிறார்கள். ஒவ்வொரு வரியின் கடைசி எழுத்திலும் இரண்டு மூச்சும் ஒரே இடத்தில் நிற்கிறது. 2013இல் நம் ரவிசங்கரின் மகள் நோரா ஜோன்ஸும் ராக் பாடகர் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங்கும் இந்த ஆல்பத்தை முழுசாகத் திரும்பப் பாடினார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே இரண்டு பாடகர்கள் கேட்கிறார்கள். இங்கே ஒரு வீடு கேட்கிறது.

இன்னொன்று சார். கார்ல் டேவிஸும் கென்டக்கிக்காரர்தான். சிகாகோவில் உட்கார்ந்து ஊரை நினைத்துப் பாடியவர். அதே சிகாகோவுக்குப் பிழைக்கப் போன ஐக்குக்கு அந்தப் பாட்டு எப்படி அந்நியமாகும்?

மேட்டூர் மணி:
எல்லோரும் ஊர், மண் என்கிறீர்கள். அது என்ன மாதிரி ஊர் என்று கொஞ்சம் பாருங்கள். பிரவுனி ஒரு சுரங்கக் குடியிருப்பு. கரி இருக்கும் வரைதான் அந்த மாதிரி இடங்களுக்கு வாழ்வு. இன்று தேடினால் பிரவுனி என்று ஓர் ஊர் அங்கே இல்லை. ஐக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு சிகாகோ போனது ஊர்மேல் வெறுப்பால் அல்ல. தானும் பிள்ளைகளும் அந்தக் குழிக்குள் போகக் கூடாது என்றுதான்.

அதே கவுண்டியில் கிரீன் ஆற்றங்கரையில் பாரடைஸ் என்று ஒரு கிராமம் இருந்தது. பக்கத்தில் அரசு நிறுவனமான டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் அனல் மின்நிலையம் கட்டியது. சாம்பலும் புகையும் தாங்காமல் 1967இல் ஆணையமே ஊரை விலைக்கு வாங்கி இடித்தது. சுற்றிலும் பீபாடி கம்பெனி மலையை மேலிருந்து சீவிக் கரி எடுத்தது. பாடகர் ஜான் பிரைன் 1971இல் அதைப் பாட்டாக்கினார். அவருடைய பெற்றோரும் மியூலன்பர்க்கிலிருந்து சிகாகோ பக்கம் குடிபோனவர்கள்தான். எவர்லிகளும் அந்தப் பாட்டைப் பதிவு செய்தார்கள்.

'ரூட்ஸ்' வந்தபோது பாரடைஸ் இடிந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. திரும்பிப் போக அங்கே என்ன மிச்சம்? இந்த ஊர்ப்பாசப் பேச்சில் கம்பெனிக்காரன் மட்டும் தப்பித்துவிடுகிறான் என்பதுதான் என் ஆதங்கம்.

கதிரவன்:
மணி அண்ணா, நீங்கள் சொன்னதை வைத்தே பேசுகிறேன். ஊர் அழிந்துகொண்டிருந்ததால்தான் அந்த இசை தேவைப்பட்டது. 'ரூட்ஸ்' எப்படித் தொடங்குகிறது தெரியுமா? 1952இல் குடும்பமாக நடத்திய வானொலி நிகழ்ச்சியின் ஒலித்துண்டோடு. கரகரப்போடு அந்தக் குரல்கள் வந்து முடிந்ததும், வளர்ந்த பிள்ளைகள் கன்ட்ரி பாடகர் மெர்ல் ஹாகர்டின் சிறைக்கைதிப் பாட்டை எடுக்கிறார்கள். அதே ஆல்பத்தில் லாஸ் ஏஞ்சலிஸின் வென்சுரா பூல்வார்டைப் பற்றி ஒரு பாட்டு, இல்லினாயைப் பற்றி ஒரு பாட்டு. ரேடியோ சார் சொன்ன அலைச்சலை அவர்கள் மறைக்கவே இல்லை. கிராமத்து வேஷம் போட நினைத்தவர்கள் முதல் வேலையாக அந்த இரண்டையும் எடுத்திருப்பார்கள்.

மோஸ்தருக்காகச் செய்தார்கள் என்பதும் நிற்காது. 1958இல் எந்த மோஸ்தர் இருந்தது? ராக் அண்ட் ரோல் ஊரையே ஆட்டிக்கொண்டிருந்த வருஷம் அது.

கடைசியாக, 1988 முதல் பல வருஷங்கள் மியூலன்பர்க்கின் சென்ட்ரல் சிட்டியில் இவர்கள் ஆண்டுதோறும் கச்சேரி நடத்தினார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகையும் ஏற்படுத்தினார்கள். அது பாட்டில் மட்டும் திரும்புவது இல்லையே!

பழைய ரேடியோ:
உதவித்தொகையை மனசாரப் பாராட்டுகிறேன். ஆனால் 1988இல் செய்த நல்ல காரியம் 1968 ஆல்பத்துக்குச் சாட்சி ஆகாது. 'ரூட்ஸ்' விற்கவில்லை. அண்ணன் தம்பிக்கு நடுவில் இருந்த விரிசலும் ஆறவில்லை. 1973 ஜூலையில் கலிஃபோர்னியாவில் மேடையிலேயே பில் கிட்டாரை உடைத்துவிட்டு இறங்கிப்போனார். அடுத்த பத்து வருஷம் பேச்சுவார்த்தை அநேகமாக இல்லை. 1975இல் அப்பாவின் இறுதிச்சடங்கில் பார்த்துக்கொண்டதுதான். மறுபடி சேர்ந்து பாடியது 1983இல், லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில். கென்டக்கியில் அல்ல.

அப்புறம், வேர் என்று தேடும்போது சொந்தக் குடும்பத்தோடு நின்றுவிடுவது ஏன்? தாரா சொன்ன அந்தக் கட்டைவிரல் வாசிப்பு ஐக்கிடமோ கென்னடி ஜோன்ஸிடமோ தொடங்கவில்லை. மேற்குக் கென்டக்கியில் கூலிவேலை செய்துகொண்டு நடன விருந்துகளில் வாசித்த கறுப்பினக் கலைஞர் ஆர்னால்ட் ஷுல்ட்ஸ் அதற்கு முன்னால் நிற்கிறார். 1931இல் இறந்துவிட்டார். ஒரு இசைத்தட்டுகூடப் பதிவாகவில்லை. அவர் பேர் வராத வேர்க்கதை எனக்குப் பாதிக்கதைதான்.

தாரா:
ஷுல்ட்ஸ் பேரை நீங்கள் கொண்டுவந்ததில் சந்தோஷம் சார். நானே முதலில் சொல்லியிருக்க வேண்டியது. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அவரை மறக்கவிடாமல் வைத்திருந்ததும் இசைக்கலைஞர்கள்தான். கன்ட்ரியின் ஒரு கிளையான புளூகிராஸ் இசையின் தந்தை பில் மன்ரோ, சிறுவனாக ஷுல்ட்ஸோடு நடன விருந்துகளில் வாசித்ததை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். பதிவு நிறுவனங்கள்தான் அவரைத் தேடிப் போகவில்லை. மணி அண்ணாவின் கோபம் இங்கேயும் பொருந்தும்.

மேட்டூர் மணி:
பொருந்தும். கரியை எடுத்த மாதிரியே பாட்டையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

பழைய ரேடியோ:
1958 ஆல்பத்தை நான் குறை சொல்லவே இல்லை. இரண்டு பையன்கள் அப்பாவுக்குச் செய்த மரியாதை அது, அதற்குமேல் எந்த விளக்கமும் வேண்டாம். 1968ஐ அதோடு சேர்த்துக் கட்டாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

கதிரவன்:
சேர்த்துத்தான் கட்டுவேன் சார். 'ஐ வொண்டர் இஃப் ஐ கேர் அஸ் மச்' இவர்களே எழுதிய பாட்டு. 1957இல் இவர்களுக்குப் பேர் வாங்கித்தந்த இசைத்தட்டின் மறுபக்கத்தில் வந்தது. 'ரூட்ஸ்' ஆல்பத்தில் அதையே மறுபடி, வேகத்தைக் குறைத்துப் பாடியிருக்கிறார்கள். பதினொரு வருஷம் சேர்ந்தே ஊர் ஊராகச் சுற்றிக் களைத்த இரண்டு பேர் அதில் தெரிகிறார்கள். எந்தத் தயாரிப்பாளர் திட்டம் போட்டாலும் அந்தக் குரலை வரவழைக்க முடியாது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு வாருங்கள், மிச்சத்தைப் பேசுவோம்.